ஓர் இலக்கத் திருத்தம்

பெருவிழா எண்மச் சேவை மையத்தில் உம்மே ஹானி வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எந்தக் கோப்பையும் அழிக்கும் வழக்கம் இல்லை. பெயரை மட்டும் மாற்றுவார்கள். கணினியில் 'இறுதி' என்று ஒரு கோப்புறை இருந்தது. அதன் பக்கத்தில் 'இறுதி – சார் பார்த்தது'. அதற்கடுத்து 'இறுதி – சார் பார்த்தபின் திருத்தியது'. எல்லாவற்றுக்கும் கீழே 'யாரும் தொடக் கூடாது' என்று ஒன்று. இவற்றில் எது மக்களுடைய கைபேசிக்குப் போகிறது என்று அவள் கேட்டாள். கண்காணிப்பாளர் தசரதன் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது அந்தந்த மாசத்தப் பொறுத்தது" என்றார்.

மையம் வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்காக 'வலம்' என்றொரு செயலியை நடத்திவந்தது. தற்காலிகப் பேருந்து நிலையம் எந்தப் பக்கம், வண்டியை எங்கே விடலாம், குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். கூட்டத்தில் கூட வந்தவரைத் தொலைத்துவிட்டவர்களுக்கென்று ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. அழுத்தினால் மையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகும் என்பது ஏற்பாடு.

ஹானிக்கு இது முதல் வேலை. ஒப்பந்த நிரலாளர். கல்லூரியில் சொல்லித்தராத சிலவற்றை இணையத்தில் பாடம் கேட்டுக் கற்றிருந்தாள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய். செய்ததும் பதிவு செய். என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று ஒரு வரி எழுதி வை. பிறகு வருகிறவனுக்கு அந்த வரிதான் வழிகாட்டி. சந்தேகமான வேலையென்றால் தனியாக ஒரு கிளை பிரித்து அதில் செய்து பார். சரியாக வந்தால் பிரதானம் எனப்படும் மூல நிரலில் சேர்த்துவிடு. தப்பாகப் போனால் முந்தைய பதிவுக்குத் திரும்பு. இவ்வளவையும் கவனித்துக்கொள்ள கிட் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அவள் சேர்ந்த வாரமே அதைக் கணினியில் நிறுவி, இருந்த நிரலையெல்லாம் மொத்தமாக முதல் பதிவாக ஏற்றிவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தை மாதப் பௌர்ணமிக்கு முந்தைய நாள் தசரதன் பழைய 'இறுதி'யை எடுத்துப் புதிய நிரலின் மேல் ஒட்டிவிட்டார். குடிநீர் கிடைக்கும் இடங்கள் எல்லாம் செயலியிலிருந்து காணாமல் போயின. அலுவலகமே எழுந்து நின்றது. ஹானி உட்கார்ந்தபடியே முந்தைய பதிவுக்குத் திரும்பினாள். இடங்கள் எல்லாம் வந்துவிட்டன.

இயக்குநர் முருகையன் அறையிலிருந்து வெளியே வந்தார். ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்த மனிதர்.

"எப்டிம்மா கொண்டாந்த?"

அவள் விளக்கினாள்.

"அப்ப நாம என்ன தப்பு பண்ணாலும் சரி பண்ணிடலாம்?"

"பதிவு பண்ணி வெச்சிருந்தா பண்ணலாம் சார்."

அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படியொரு செய்தியை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"இவ்ளோ பெரிய விஷயத்த ஒரு ஆள் கையில வுடக் கூடாது" என்றார்.

அடுத்த வாரம் இந்தப் பதிவுகளை மேற்பார்க்க மையத்தில் பதிப்புக் கட்டுப்பாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. தசரதன் அதன் தலைவர். பெயர்ப்பலகை வந்தது. ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதில் இரண்டு விதிகள் இருந்தன. முன் அனுமதியின்றி எந்த மாற்றத்தையும் பதிவு செய்யக் கூடாது என்பது ஒன்று. பதிவு செய்யப்படாத மாற்றம் எதுவும் அனுமதிக்குப் பரிசீலிக்கப்படாது என்பது மற்றொன்று. ஹானி சுற்றறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். படித்ததற்குத்தான் கையெழுத்து.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மாடி ஏறி வந்தார். கையில் கைபேசி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இளநீர், தண்ணீர் பாட்டில் கடை வைத்திருப்பவர். பெயர் திரௌபதி. வாசலுக்கு அருகில் இருந்தது ஹானியின் மேசை.

"ஏம்மா, தொலஞ்சு போனவங்கல்லாம் என் நம்பருக்கு ஏன் போன் பண்றாங்க?"

ஹானி புரியாமல் பார்த்தாள். திரௌபதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பௌர்ணமின்னா போதும், வந்துகினே கீது. மொத போனு ஒரு ஆளு, பொண்டாட்டியக் காணோம்னு. ராங் நம்பர்னு வெச்சிட்டேன். மறுபடியும் அதே ஆளு. அழுவறாரு. என்ன பண்றது? அந்தம்மா என்ன கலர் பொடவன்னு கேட்டேன். பச்சன்னாரு. தலயத் தூக்கிப் பாத்தா என் கடை முன்னாடியே குந்திகினு இருக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதோட வுட்டுதா. இப்ப எங்க ஊட்டுக்காரரு பைக்க எடுத்துகினு தேடறதே வேலையா கீறாரு. யாவாரம் ஆவுது, இல்லன்னு சொல்லல. ஆளத் தேடி வர்றவங்க தண்ணி வாங்காமப் போறதில்ல. ஆனா ஜாஸ்தியாப் போச்சும்மா. தூக்கம் இல்ல."

ஹானி நிரலைத் திறந்து பார்த்தாள். சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த எண்ணின் கடைசி இலக்கம் ஆறு. கட்டுப்பாட்டு அறையின் எண் ஒன்பதில் முடிகிறது. மற்ற இலக்கங்கள் எல்லாம் ஒன்றேதான்.

"ஒரே ஒரு இலக்கம் தப்பா கீதுக்கா. இப்பவே மாத்திடறேன்."

"இப்பவேவா?"

"ரெண்டு நிமிஷம்."

அவள் இதைச் சொன்னது மாசி மாதத்தில்.

திரௌபதி போனதும் ஹானி தசரதனிடம் போனாள். தனியாக ஒரு கிளை பிரித்து அதில் எண்ணைத் திருத்திவிட்டுப் பிறகு பிரதானத்தில் சேர்த்துவிடலாம் என்றாள். பாடத்தில் சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். தசரதன் அதை இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் கிளை என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கிளை திறப்பு விழா நடந்தது. ஹானியின் கணினிக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். குத்துவிளக்கின் சூடு படக்கூடாதென்று விசைப்பலகையை எடுத்து ஓரமாக வைத்தார்கள். முருகையன் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இந்த மையத்துக்கு ஒரு கிளை கூட இல்லையே என்ற குறை எனக்கு நெடுநாளாக இருந்தது. வெளியூர்க் கூட்டங்களுக்குப் போனால், உங்களுக்கு எத்தனை கிளை என்று கேட்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இன்று தலைநிமிர்ந்து சொல்லலாம். இந்தக் கிளை எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வதுதான் நல்ல நிர்வாகம். நானும் இத்தனை காலம் அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன்."

கைதட்டினார்கள். தலைமை அலுவலகமும் கிளையும் ஒரே இடத்தில் இயங்குவது முறையல்ல என்பதால் நடுவே ஒரு பலகைத் தடுப்பு வைக்கப்பட்டது. ஹானி தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். மின்விசிறி இந்தப் பக்கம் இருந்தது.

கிளை திறந்தாயிற்று, எண்ணைத் திருத்தலாமா என்று அவள் கேட்டாள். திருத்தத்தைக் குறிப்பாக எழுதித் தரச் சொன்னார்கள். 'உதவி எண்ணின் கடைசி இலக்கம் 6 என்று தவறாக உள்ளது. 9 என்று திருத்த வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தாள். சித்திரையில் குறிப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. '6 என்பதைத் தலைகீழாகப் பார்த்தால் 9 என்றே தெரிவதால், இது நிரலில் உள்ள தவறா, பார்த்த கோணத்தில் உள்ள தவறா என்பதைத் தெளிவுபடுத்தவும்.'

அவள் தெளிவுபடுத்தினாள். அதற்குள் சித்ரா பௌர்ணமி வந்து போனது. லட்சக்கணக்கில் கூட்டம். மறுநாள் திரௌபதியிடமிருந்து ஹானிக்கு அழைப்பு வந்தது. பேசியே தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ரெண்டு நிமிஷம்னியேம்மா."

"கோப்பு நகந்துகினு கீதுக்கா."

"எங்க கீது இப்ப?"

"தசரதன் சார் டேபிள்ல."

"அது உன் டேபிளுக்கு எவ்ளோ தூரம்?"

ஹானி தடுப்பைப் பார்த்தாள்.

தசரதன் அப்போது வேறொரு வேலையில் மும்முரமாக இருந்தார். எந்த மையம் மாதத்துக்கு எத்தனை பதிவுகள் செய்கிறது என்று சென்னைத் தலைமையகம் கணக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது. சின்னச் சின்னதாக, அடிக்கடி பதிவு செய்வதே நல்ல பழக்கம் என்று ஹானி எப்போதோ சொன்னது அவருக்கு நினைவில் இருந்தது. நிரலில் ஓர் இடைவெளியைச் சேர்ப்பார். பதிவு செய்வார். அந்த இடைவெளியை எடுப்பார். மறுபடி பதிவு செய்வார். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'நிர்வாக நலன் கருதி' என்று எழுதினார். எதற்கும் அனுமதி தேவைப்படவில்லை. அனுமதி தரவேண்டியவர் அவர்தான்.

"ஏன் சார் இப்டி?" என்று ஹானி ஒரு நாள் கேட்டாள்.

"நீ மாசத்துக்கு எவ்ளோ போடற?"

"ஒன்னும் போடல சார். அனுமதி வரலியே."

"அதான் கம்மியா கீது. நான் உனக்கும் சேத்துப் போடறேன்."

வைகாசியில் மையம் மாநில அளவில் இரண்டாம் இடம் பெற்றது. கேடயம் வந்தது. அதே வாரம், யாரும் எதிர்பாராமல், ஹானியின் குறிப்புக்கு அனுமதியும் வந்தது. அவள் கிளையில் ஆறை ஒன்பதாக்கினாள். பதிவு செய்தாள். பிரதானத்தில் சேர்க்கப் போனாள். திரையில் 'மோதல்' என்று வந்தது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் கிட் நின்றுவிடும். எது வேண்டும் என்று கேட்கும். பிரதானத்தில் அதே வரியில்தான் தசரதன் அன்று காலை ஓர் இடைவெளியைச் சேர்த்திருந்தார். எது வேண்டும் என்று சொன்னால் தீர்ந்தது.

ஆனால் மோதல் என்ற சொல் இயக்குநரின் காதுக்குப் போய்விட்டது. கிளைக்கும் தலைமைக்கும் மோதல் என்றால் அது சட்டம் ஒழுங்கு விஷயம் என்று அவர் கருதினார். மறுநாள் சமாதானக் கூட்டம் நடந்தது. தசரதனையும் ஹானியையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள்.

"உங்களுக்குள்ள எதுனா முன்விரோதம் இருக்குதா?" என்றார் முருகையன்.

"இல்ல சார். இவர் ஸ்பேஸ் போட்டாரு, நான் நம்பர மாத்தினேன். நம்பர் இருக்கட்டும்னு சொன்னாப் போதும்."

"அப்டி ஒருதலப்பட்சமாச் சொல்ல முடியாதும்மா. அவர் சீனியர்."

மன வருத்தம் ஏதும் இல்லை என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். டீ வந்தது. இரு தரப்பும் மாற்றங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய நிலையே தொடர வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. பழைய நிலை என்பது ஆறு.

ஆரம்பத்தில் ஹானிக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது. பிறகு கோபம் வருகிற இடத்தில் ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்பு ஊசி போட்டதும் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி. காலையில் வருவாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்வாள். மாலையில் போவாள். வீட்டில் அவள் அம்மா ஹபீபுன்னிசா சோறு போடும்போது கேட்பாள்.

"இன்னிக்கி என்ன வேல?"

"ஆற ஒம்போது ஆக்கறேன்."

"இன்னுமா?"

"ம்."

கணிதத்தில் தன் மகள் இவ்வளவு மந்தமில்லையே என்று அம்மாவுக்குக் கவலையாக இருந்தது.

ஆனி மாதப் பௌர்ணமியன்று திரௌபதி ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று போளூர் போயிருந்தார். அவசரத்தில் சார்ஜரை எடுத்துப்போகவில்லை. மருத்துவமனையில் கைபேசி அணைந்துபோனது. அன்று ஆரணிப் பக்கத்திலிருந்து மகனோடு கிரிவலம் வந்த ஒரு பெரியவர் கூட்டத்தில் பிரிந்துவிட்டார். கொஞ்சம் ஞாபக மறதி உள்ளவர். மகன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். மறுநாள் மத்தியானம் செங்கம் சாலையைத் தாண்டி ஒரு காலி மனையில், வேலிக்குப் பக்கத்தில், அந்தப் பெரியவரைக் கண்டெடுத்தார்கள். நாக்கு வறண்டு நினைவு தப்பியிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மகன் மையத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தன் கைபேசியில், போன அழைப்புகளின் வரிசையைக் காட்டினார். விரலால் மேலே தள்ளத் தள்ள அதே எண் வந்துகொண்டே இருந்தது.

"யாராச்சும் எடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

ஹானி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகும் அந்த டம்ளரை அவள் எடுத்து வைக்கவில்லை.

ஆடியில் விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி முருகையன். தசரதன் உறுப்பினர். முருகையன் அதற்காகக் கொஞ்சம் படித்துவிட்டே வந்திருந்தார்.

"ஏம்மா, இந்த கிட்ல பழின்னே ஒரு கட்டள இருக்குதாமே?"

"இருக்குது சார். எந்த வரிய கடைசியா யாரு மாத்தினாங்கன்னு காட்டும். தெரிஞ்சா அவங்ககிட்டக் காரணம் கேக்கலாம். அதுக்குத்தான்."

"போடு பாக்கலாம்."

அவள் கட்டளையைத் தட்டினாள். ஆயிரக்கணக்கான வரிகள். மேலிருந்து கீழ்வரை பெரும்பாலான வரிகளுக்கு நேராக ஒரே பெயர் இருந்தது. உம்மே ஹானி. எண் இருந்த வரிக்கு நேராகவும் அதே பெயர். சமாதானத் தீர்மானத்துக்குப் பிறகு எல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டிருந்தது.

"சார், இது நான் எழுதினது இல்ல. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. மொத தடவ மொத்தமா ஏத்தினப்ப, ஏத்தினவங்க பேரு எல்லா வரியிலயும் வுழுந்துடும்."

"அதுக்கு முன்னாடி யாரு எழுதினதுன்னு இதுல காட்டுதா?"

"காட்டாது சார். அதுக்கு முன்னாடி பதிவே கெடையாது."

"பதிவு இல்லன்னா அது நடக்கலன்னு அர்த்தம். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கத்துகிட்டது அது ஒன்னுதான்."

தசரதன் தலையாட்டினார். பெயர் வந்துவிட்ட பெண்ணைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது போலும், கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாச்சும் நம்பர மாத்திடலாமா சார்?" என்றாள் ஹானி.

"யோசிச்சுப் பேசு. இன்னிக்கி மாத்தினா, இத்தன நாளா தப்பு நம்பர் இருந்துச்சுன்னு நாமளே ஒத்துகினதா ஆவும். அது பதிவாவும் ஆயிடும். ஒருதரம் பதிவானத அழிக்க முடியாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா சார்."

"அப்புறம்?"

விசாரணையின் முடிவு வெளியானது. எண்ணில் தவறேதும் இல்லை. மையத்தின் எண் ஒன்று தனியார் ஒருவரின் பயன்பாட்டில் இருந்துவந்ததே தவறு. அந்த எண்ணை அவரிடமிருந்து பெற்று மையத்தின் வசம் கொண்டுவர வேண்டும். ஒப்பந்த நிரலாளர் உம்மே ஹானியின் ஒப்பந்தம் ஆவணியோடு முடித்துக்கொள்ளப்படும்.

திரௌபதியை வரவழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். 'எண் ஈந்த அன்னை' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் கைபேசியிலிருந்து சிம்மைக் கழற்றித் தந்தார். மகள் வீட்டுக்கெல்லாம் இனி வேறு எண் சொல்ல வேண்டுமே என்று முணுமுணுத்தார்.

"இனிமே போன யாரு எடுப்பாங்க?" என்று கேட்டார்.

"மையம் எடுக்கும்" என்றார் முருகையன்.

சிம்மை உறைக்குள் போட்டு அரக்கு வைத்து பீரோவில் பூட்டினார்கள். அதைப் போடுவதற்குக் கைபேசி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது.

ஆவணிப் பௌர்ணமி வந்தது. ஹானிக்கு அன்று அலுவலகத்தில் பணி. மத்தியானத்துக்குமேல் நகரம் நிரம்பத் தொடங்கியது. வேலூர்ப் பேருந்துகள் சன்னலுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அவள் தன் கைபேசியில் செயலியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளதாக ஒரு பெண் குரல் சொன்னது. நன்றி என்றும் சொன்னது.

பிறகு கட்டுப்பாட்டு அறையின் சரியான எண்ணை, ஒன்பதில் முடிவதை, அவளே அழைத்தாள். மணி அடித்தது. கூடத்தின் கோடியில் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. சிம் போட்ட நல்ல மேசைத் தொலைபேசி. தெளிவான மணி. அவள் எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். சாவி தசரதனிடம் இருந்தது. தசரதன் கிரிவலம் போயிருந்தார்.

அது அடித்து ஓய்ந்தது. இத்தனை மாதம் அவள் ஆறை ஒன்பதாக்கப் போராடியது இந்தக் கதவுக்காகத்தான். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை.

மறுநாள் முருகையன் ஊழியர்களைக் கூட்டிப் பாராட்டினார்.

"இந்தப் பௌர்ணமிக்கு ஒரு புகார் கூட வரல. ஒரு ஆள் கூடத் தொலையல."

அந்த வாரம் ஹானி பேருந்து ஏறி அடி அண்ணாமலை போனாள். திரௌபதி இளநீர்க் குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒன்றைச் சீவி நீட்டினார்.

"புது நம்பர் வாங்கிட்டேன். எங்க ஊட்டுக்காரருக்கும் பொண்ணுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நிம்மதி" என்றார்.

"தூங்கனீங்களா பௌர்ணமிக்கு?"

"எங்க தூங்கறது." அரிவாளை முண்டுக்கட்டையில் கொத்தி வைத்தார். "ஒரு அம்மா இதே எடத்துல நின்னுகினு போன அழுத்தி அழுத்திப் பாக்குது. எடுக்க மாட்டன்றாங்கன்னு என்கிட்டயே சொல்லுது. கூட வந்த மாமியாரக் காணோமாம். ஊட்டுக்காரரு போயித் தேடி இட்டாந்தாரு. என் கண்ணுல பட்டுது, கெடச்சுது. மத்ததெல்லாம்?"

ஹானி இளநீரைக் குடித்து முடித்துக் கூட்டை ஓரமாக வைத்தாள்.

"அக்கா, உங்க புது நம்பர அதுல போடட்டா?"

திரௌபதி நிமிர்ந்தார். சாலையைப் பார்த்தார். சாதாரண நாள், நாலைந்து பேர் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?"

"கேக்கப் போறதில்லக்கா."

"உன் வேல போயிடும்."

"அது போயிடுச்சு."

திரௌபதி கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். "எழுதிக்கோ. அப்டியே ஊட்டுக்காரரு நம்பரையும் போடு. நான் எடுக்கலன்னா அதுக்குப் போவற மாதிரி பண்ணு. முடியும்ல?"

"முடியும்."

ஹானியின் கடைசி நாளன்று, பொறுப்புகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். நாற்காலி, மேசை, தண்ணீர்க் குவளை என்று எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டார்கள். நிரலுக்குள் நுழையும் கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை. அதையும் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். அவளே அதை ஒரு காகிதத்தில் எழுதி தசரதனின் மேசைமேல் வைத்தாள். அதற்கு முன்பு ஒரு வேலை இருந்தது.

கிளை எதுவும் பிரிக்கவில்லை. நேராகப் பிரதானத்திலேயே எண்ணை மாற்றினாள். இரண்டாவது எண்ணையும் சேர்த்தாள். தன் கைபேசியில் அழுத்திப் பார்த்தாள். திரௌபதியின் குரல் வந்தது. வேறு எதையும் தொடவில்லை. பிறகு, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்தாள். மேலே பார்த்தாள். 'நிர்வாக நலன் கருதி' என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் எழுதினாள்:

'காணாமல்போனோர் உதவி எண் மாற்றப்பட்டது. காரணம், இந்த எண்ணில் ஆள் எடுக்கிறார்.'

பதிவு செய்தாள். அந்த மாதக் கணக்கில் அதுவும் ஒரு பதிவாகச் சேர்ந்து சென்னைக்குப் போனது. யாரும் அதைத் திறந்து படித்ததாகத் தெரியவில்லை.

புரட்டாசிப் பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் ஹானி அடி அண்ணாமலையில் பேருந்தை விட்டு இறங்கினாள். எதற்கு வந்தாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கடை முன்னால் நல்ல கூட்டம். திரௌபதி ஒரு காதில் கைபேசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். கல்லாவின்மேல் இன்னொரு கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவர் கணவர் வண்டியோடு போயிருக்க வேண்டும். கைபேசியை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

திரௌபதி ஹானியைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. பேச்சை நிறுத்தாமலே கண்ணால் அந்தக் கைபேசியைக் காட்டினார்.

ஹானி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய், அதை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து யாரோ மூச்சு வாங்க, ஹலோ, ஹலோ என்றார்கள்.

"சொல்லுங்க" என்றாள். "எங்க நிக்கிறீங்க?"